மெஷ் வைஃபை வாங்கும் முன்: காற்று எல்லோருக்கும் பொது

(விழுப்புரம், திண்டிவனம் இரு வளாகங்களின் குடியிருப்பாளர்கள் கலந்துகொண்ட நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் நம் சங்க உறுப்பினர். ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

 

இன்றைய அஜெண்டாவில் மெஷ் வைஃபை என்று ஒரு விஷயம் இருக்கிறது. கேட், அலுவலக அறை, கம்யூனிட்டி ஹால், மொட்டை மாடி, சிசிடிவி எல்லாவற்றுக்கும் சேர்த்து மெஷ் பெட்டிகள் வாங்கலாம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. இது சங்கத்தின் பணம், அதாவது உங்கள் மெயின்டனன்ஸ் பணம். இதற்கிடையில் பல வீடுகளில் சொந்தமாகவே இரண்டு, மூன்று பெட்டிகள் வாங்கி வைத்துவிட்டீர்கள். அவர்களிடமிருந்து செயலாளருக்கு வரும் புகார் ஒன்றே ஒன்றுதான்: “சிக்னல் ஃபுல்லா காட்டுது சார், ஆனா ஸ்பீடு வரல.” கை தூக்கி ஓட்டுப் போடுவதற்கு முன்னால் இது ஏன் என்று சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷ் பெட்டி இணையத்தை உற்பத்தி செய்வதில்லை. ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கிக் கொடுப்பதற்கும் காற்றில் இடம் வேண்டும். அந்தக் காற்று நம் எல்லோருக்கும் பொதுவான சம்ப் மாதிரி. ஒரு வீட்டில் பெரிய மோட்டார் போட்டால் அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் குறையும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இதன் விளக்கம்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஃபைபர் கம்பி வந்து முடிகிற பெட்டியை நாம் மோடம் என்கிறோம். அதோடு கம்பியில் இணைந்திருக்கும் மெஷ் பெட்டியைத் தாய்ப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். படுக்கையறையிலோ மாடியிலோ கரண்ட் மட்டும் கொடுத்து வைத்திருக்கும் மற்றவை துணைப் பெட்டிகள். உங்கள் போனில் ஒரு வீடியோ ஓடினால், அது சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. மோடத்திலிருந்து தாய்ப் பெட்டி, அங்கிருந்து காற்று வழியே துணைப் பெட்டி, அங்கிருந்து மறுபடியும் காற்று வழியே உங்கள் போன். காற்றில் ஒரு கட்டம் கடப்பதை ஒரு தாவல் என்று சொல்கிறேன். இந்த உதாரணத்தில் இரண்டு தாவல்.

ரயில்வேக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னைப் பக்கம் இரட்டைப் பாதை. போகிற வண்டி போய்க்கொண்டே இருக்கும், வருகிற வண்டி வந்துகொண்டே இருக்கும். புதுச்சேரிப் பக்கம் ஒற்றைப் பாதை. ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. எதிரே வருவது ஸ்டேஷனில் கிராசிங்குக்குக் காத்திருக்க வேண்டும்.

நெட்வொர்க் கேபிள் இரட்டைப் பாதை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வைஃபை ஒற்றைப் பாதை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அந்தச் சேனலில் உங்கள் போன், உங்கள் டிவி, உங்கள் பெட்டிகள் மட்டுமல்ல, சுவருக்கு அப்பால் உள்ள வீட்டின் பெட்டியும் இருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரயில்வேயில் லைன் கிளியர் கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். வைஃபையில் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறுக்கிறது. அமைதியானதும் உடனே பாயாமல், தனக்குத் தானே ஒரு சின்ன எண்ணைக் குலுக்கல் போட்டு, அந்த அளவு நேரம் காத்திருந்து பேசுகிறது. பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் எதிர்ப்பக்கம் “வந்தது” என்று ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வரவில்லை என்றால் திரும்பவும் குலுக்கல், திரும்பவும் அனுப்புதல். இவ்வளவும் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மூன்றாம் மாடிப் பெட்டியும் தரைத்தளப் பெட்டியும் ஒன்றையொன்று கேட்காத தூரத்தில் இருக்கலாம். நடுவில் முதல் மாடியில் இருக்கும் பெட்டிக்கு இருவர் குரலும் கேட்கும். இருவரும் “அமைதியாக இருக்கிறது” என்று நினைத்து ஒரே நேரத்தில் பேசினால், நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டு பொட்டலமும் வீண். இரண்டையும் திரும்ப அனுப்ப வேண்டும். மாடிப்படி ஓரமாக மேலும் கீழும் பெட்டி வைத்தவர்கள் வீட்டில் இது நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

காகிதம் பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும். தாய்ப் பெட்டிக்கும் துணைப் பெட்டிக்கும் நடுவே காற்று வழி 300 எம்பிபிஎஸ் போகும் என்று வைத்துக்கொள்வோம். துணைப் பெட்டிக்கும் போனுக்கும் நடுவே அதே 300. இரண்டு தாவலும் ஒரே சேனலில் என்றால், அதே பொட்டலம் இரண்டு முறை பாதையைப் பிடிக்கிறது. ஆகவே கையில் கிடைப்பது 150. மூன்று தாவல் என்றால் 100. அதுவும் மோதல், ஒப்புகை, காத்திருப்பு எதையும் கழிக்காத காகிதக் கணக்கு.

இப்போது நம் வீடுகளில் நடக்கும் கதைக்கு வருவோம். கடைசி அறையில் சிக்னல் இல்லை. துணைப் பெட்டியை எங்கே வைப்போம்? அந்தக் கடைசி அறையிலேயே வைப்போம். போனில் முழுச் சிக்னல் வந்துவிடும், மனசும் நிறைந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் தாய்ப் பெட்டியின் சிக்னல் போனுக்கு எட்டவில்லை என்றால் துணைப் பெட்டிக்கு மட்டும் எப்படி நன்றாக எட்டும்? அந்தத் தாவல் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் தாவல் 300. இரண்டும் சேர்ந்து கிடைப்பது சுமார் 43.

அதே பெட்டியை எடுத்து நடு ஹாலில் வையுங்கள். தாய்ப் பெட்டியோடு 300. அங்கிருந்து கடைசி அறைப் போனுக்கு 150. சேர்ந்து கிடைப்பது 100. போனில் சிக்னல் ஒரு கோடு குறைவாகத்தான் காட்டும். ஆனால் வேகம் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு பைசா செலவில்லை, பெட்டியை நகர்த்தியதுதான். போனில் தெரியும் கோடுகள் கடைசித் தாவலின் நிலையை மட்டுமே சொல்கின்றன. முந்தைய தாவலைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

இது என் கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து வீட்டு மாடிகளில் 37 கருவிகளை வைத்து ‘ரூஃப்நெட்’ என்ற மெஷ் வலையை நடத்தினார்கள். 2005-ல் அளவுகளை வெளியிட்டார்கள். அன்றைய பழைய வைஃபையில், ஒரு தாவலில் சராசரி சுமார் 2,450 கிலோபிட். இரண்டு தாவலில் சுமார் 770. மூன்று தாவலில் சுமார் 360. இன்றைய பெட்டிகள் பல நூறு மடங்கு வேகமானவை. ஆனால் தாவல் கூடக் கூட வேகம் சரியும் அந்த வளைவு மாறவில்லை.

பெட்டி செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் மூன்று ரேடியோ வைத்த பெட்டிகள் வந்தன. ஒரு ரேடியோவை பெட்டிகளுக்குள் பேசிக்கொள்ள மட்டும் ஒதுக்கி, மற்றவற்றை உங்கள் போனுக்குக் கொடுக்கிறார்கள். பாதை இரண்டாகிறது, பாதியாகும் சிக்கல் பெருமளவு தீர்கிறது. ஆனால் விலை கூடும். அந்தத் தனி ரேடியோவும் காற்றில் ஒரு சேனலைப் பிடிக்கும்; அதை மற்ற வீடுகள் விட்டுக்கொடுக்க வேண்டும். கொட்டேஷனில் “டூயல் பேண்ட்”, “ட்ரை பேண்ட்” என்று எழுதியிருப்பதன் அர்த்தம் இதுதான்.

எந்த வழியாக அனுப்புவது

பல பெட்டிகள் இருந்தால் எது யார் வழியாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். தாவல் குறைவான வழியே நல்லது என்று முதலில் தோன்றும். அது எப்போதும் சரியில்லை. ஒரே நீளத் தாவலில் பாதிப் பொட்டலம் தொலைந்தால் ஒவ்வொன்றையும் சராசரியாக இரண்டு முறையாவது அனுப்ப வேண்டும். 2003-ல் அதே எம்.ஐ.டி. குழு இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தது: ஒரு பொட்டலம் போய்ச் சேர மொத்தம் எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணிப்பார், எண் குறைவான வழியே நல்ல வழி. 2011-ல் வந்த 802.11எஸ் என்ற மெஷ் தரமும் இதே பாணிதான். ஒவ்வொரு வழியும் எவ்வளவு காற்று நேரத்தைத் தின்கிறது என்று கணக்கிடுகிறது. கடையில் வாங்கும் பெட்டிகள் பலவும் தங்கள் கம்பெனியின் சொந்த முறையை வைத்திருக்கின்றன. அதனால்தான் ஒரு கம்பெனிப் பெட்டியோடு இன்னொரு கம்பெனிப் பெட்டி எளிதில் சேருவதில்லை. இதைச் சரிசெய்ய 2018-ல் ஈஸிமெஷ் என்று ஒரு பொது ஏற்பாடு வந்தது. வாங்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு பெட்டி நின்றுபோனால் மற்றவை தாமே வேறு வழி கண்டுபிடிக்கும் என்பதுதான் மெஷ்ஷின் பெருமை. உண்மைதான். ஆனால் அந்த மாற்று வழி எப்படிப்பட்டது என்று நமக்கு ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயலில், மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. டிசம்பர் 2-ந்தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ஒரு பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டது, வண்டிகளை நிறுத்தினார்கள். சிலவற்றை ரத்து செய்தார்கள், சிலவற்றைத் திருவண்ணாமலை, காட்பாடி வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். மாற்று வழி இருந்தது, வண்டி போய்ச் சேர்ந்தது. ஆனால் அது சுற்று வழி, அதுவும் ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதையில் ஓடிய எல்லா வண்டிகளையும் அதில் விட முடியுமா?

மெஷ்ஷிலும் இதேதான். ரயில் சுற்றிப்போனால் செய்தியில் சொல்வார்கள். உங்கள் துணைப் பெட்டி நேர்வழி விட்டு மூன்று தாவல் சுற்றிப்போனால் யாரும் சொல்ல மாட்டார்கள். “இன்னைக்கு நெட் ஸ்லோவா இருக்கு” என்று மட்டும் தோன்றும். பெட்டியோடு வரும் ஆப்பில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று ஒரு படம் இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

யாருக்கு முதலில் வழி விடுவது என்பதும் ஒரு கேள்வி. கூட்ஸ் வண்டியை லூப் லைனில் நிறுத்திவிட்டு வைகையை விடுகிறோம் இல்லையா? வைஃபையிலும் நான்கு வகுப்புகள் உண்டு: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி வேலை. குரலுக்குக் குறைந்த காத்திருப்பு, பின்னணி வேலைக்கு அதிகம். ஆனால் பொட்டலத்தின் மேல் எந்த வகுப்பு என்ற முத்திரை இருந்தால்தான் இது நடக்கும். முத்திரை இல்லாமல் வந்தால் எல்லாமே சாதாரண வகுப்பு. நம் மூன்றாம் மாடியில் மாதம் ஒருமுறை டாக்டரிடம் வீடியோவில் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே வீட்டில் இன்னொரு போன் கல்யாண வீடியோக்களை எல்லாம் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், டாக்டர் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும். ஃபோட்டோ பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றிவையுங்கள். பல வீடுகளில் இந்த ஒன்றே பாதி வைத்தியம்.

பக்கத்து வீட்டுக் காற்று

இப்போது சம்ப் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் வைஃபைக்குப் பயன்படுத்தலாம் என்று அரசு 2005-ல் அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2018-ல் விரிவாகத் திறந்துவிட்டது. லைசென்ஸ் வேண்டாம் என்றால் யாருக்கும் தனி உரிமை இல்லை என்றும் அர்த்தம்.

2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஒரு தளத்தில் நான்கு வீடு, மேலும் கீழும் நான்கு நான்கு. பன்னிரண்டு வீடு, மூன்று சேனல். இதில் ஒருவர் “வேகம் கூடும்” என்று சேனல் அகலத்தை 20-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், மூன்று பாதையில் இரண்டை அவரே அடைத்துவிடுகிறார். அவருக்கும் லாபமில்லை, எல்லாப் பக்கமும் மோதல்தான். 4 அல்லது 8 என்று நடுச் சேனலைப் போடுவதும் அப்படியே. இரண்டு லேன் நடுவே வண்டி ஓட்டுகிற மாதிரி.

இன்னொரு செலவு நம் கண்ணுக்கே தெரியாதது. ஒவ்வொரு பெட்டியும் “நான் இருக்கிறேன், என் பெயர் இது” என்று விநாடிக்குச் சுமார் 10 முறை கூவுகிறது. யாரும் பயன்படுத்தாவிட்டாலும் கூவும். 2.4-ல் பழைய முறைப்படி விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில், 250 பைட் நீளத்தில் கூவினால் ஒரு கூவலுக்கு 2 மில்லி விநாடி ஆகும். 10 கூவலுக்கு 20 மில்லி விநாடி. அதாவது காற்று நேரத்தில் 2 சதவீதம். ஒரே சேனலில் இருபது பெயர்கள் கேட்டால் 40 சதவீதம் வெறும் கூவலிலேயே போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மெஷ் பெட்டி, ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயர் ஒன்று, விருந்தினர் பெயர் ஒன்று என்று வைத்தால் இருபது என்ன, அதற்கு மேலேயே போகும். தேவையில்லாத பெயர்களை அணைத்துவிடுங்கள். மோடத்தில் தானாக ஓடும் வைஃபையையும் அணையுங்கள். தாய்ப் பெட்டி இருக்கும்போது அது எதற்கு?

மெதுவான கருவியும் எல்லோர் நேரத்தையும் தின்னும். 300-ல் பேசும் போனும் 6-ல் பேசும் பழைய கேமராவும் ஒரே அளவுப் பொட்டலத்தை அனுப்பினால், கேமரா ஏறக்குறைய 50 மடங்கு நேரம் பாதையைப் பிடித்துக்கொள்கிறது. நம் சிசிடிவியைக் காற்றில் விடாமல் கம்பியில் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். கேமரா இரவு பகல் ஓயாமல் பேசும். மெஷ் வழியாக விட்டால் ஒவ்வொரு தாவலிலும் திரும்பத் திரும்பப் பேசும்.

இரண்டு வளாகத்தையும் மெஷ்ஷில் இணைக்கலாமா?

திண்டிவனத்து நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. இரண்டு வளாகத்துக்கும் ஒரே இணைப்பு வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துப் பகிர்ந்துகொள்ளலாமே என்றார். கேள்வி நியாயமானது, நம் மாநிலத்திலேயே நீண்ட தூர வைஃபை நடந்திருக்கிறது.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புறச் சிற்றூர்களில் உள்ள தன் கண் பரிசோதனை மையங்களை வைஃபையால் இணைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உதவினார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்தார். ஆனால் சாதாரண வைஃபை அப்படியே ஓடவில்லை. தூரம் அதிகம் என்பதால் ஒப்புகை வந்து சேரத் தாமதமாகும். அனுப்பியவர் “தொலைந்துவிட்டது” என்று நினைத்து மறுபடி அனுப்புவார். ஒரே கோபுரத்தில் இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று பேசும்போது மற்றொன்றுக்குக் காது அடைத்துப்போகும். ஆகவே குலுக்கல் முறையை விட்டுவிட்டு நேர அட்டவணை போட்டார்கள்: கோபுரத்தில் உள்ள எல்லா ஆன்டெனாவும் ஒன்றாகப் பேசும், பிறகு ஒன்றாகக் கேட்கும். இந்த யோசனையை முன்பே ஐ.ஐ.டி. கான்பூரின் ஆராய்ச்சியாளர்கள் கங்கைச் சமவெளிக் கிராமங்களுக்காகச் செய்து பார்த்திருந்தார்கள். தேனி வேலை 2007-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அடுத்த ஆண்டு அதே குழு எழுதியது நமக்கு இன்னும் முக்கியம். பல வருடம் ஓட்டிப் பார்த்ததில் ரேடியோவைவிட அதிகத் தொல்லை கொடுத்தது கரண்ட் என்றார்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் கருவிகள் கெட்டன. பழுது பார்க்க உள்ளூரிலேயே ஆள் பழகியிருந்தால்தான் வலை நிலைத்தது.

நம் பக்கத்திலும் ஒரு முன்னோடி உண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் வில்லியனூர். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையம் வைத்துச் சுற்றுக் கிராமங்களோடு ரேடியோ வழியாகத் தகவல் பரிமாறியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலை நிலவரம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. எல்லாக் கிளைக்கும் ஒரே மையம் என்ற எளிய அமைப்பு. கிளைகள் ஒன்றன் வழியாக ஒன்று தாவவில்லை.

சரி, நம் கேள்விக்குப் பதில். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நேர்கோட்டில் 35 கி.மீ.-க்கு மேல். நடுவழியில் பூமியின் வளைவு மட்டுமே ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்கே நிற்கும். அதாவது ஆறு மாடி உயரம். அதற்கு மேல் மரம், கட்டிடம், அலை விரிய வேண்டிய இடம். இரண்டு பக்கமும் கோபுரம் கட்டாமல் முடியாது. கோபுரச் செலவில் பாதிகூட ஆகாமல் இரண்டு வளாகத்துக்கும் தனித்தனி ஃபைபர் வாங்கிவிடலாம். ஆகவே வேண்டாம் என்பது என் கருத்து.

நான் முன்வைக்கும் யோசனைகள்

முதலாவது, இரண்டு வளாகத்திலும் மின்கம்பி போகும் ஷாஃப்ட்டை ஒட்டி, தளத்துக்கு ஒன்றாக நெட்வொர்க் கேபிள் இழுப்போம். கேபிள் ஒரே இழுவையில் 100 மீட்டர் வரை போகும். நம் கட்டிடத்துக்குத் தாராளம். மின்கம்பி போகும் அதே குழாயில் மட்டும் போடக் கூடாது. பொது இடப் பெட்டிகள் எல்லாம் அந்தக் கேபிளில் உட்காரட்டும். அப்போது கூட்டத் தாவல் எதுவும் இல்லை. போனுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரே தாவல். கொட்டேஷனில் உள்ள பெட்டி எண்ணிக்கையில் பாதிகூடத் தேவைப்படாமல் போகலாம். மீதிப் பணம் கேபிளுக்கு.

இரண்டாவது, கேமராக்கள் அனைத்தும் கம்பியில்.

மூன்றாவது, தாய்ப் பெட்டி, மோடம், ஸ்விட்ச் மூன்றுக்கும் யுபிஎஸ். புயல் இரவில் கேட்டில் இருக்கும் வாட்ச்மேனோடு பேச முடியாமல் போனால் அந்த வலையால் என்ன பயன்? எர்த்திங்கையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிப்போம்.

நான்காவது, வளாகத்துக்கு ஒரு சேனல் பதிவேடு. எந்த வீடு எந்த சேனல் என்று ஒரு தாள். 2.4-ல் அகலம் 20 மட்டும். 1, 6, 11 மட்டும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் வேறு வேறு சேனல். டிவியையும் லேப்டாப்பையும் 5-க்கு மாற்றுங்கள். 5 சுவரைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகும் என்பது இங்கே நல்லதற்குத்தான். பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாது. இது சட்டம் இல்லை, யாரும் அபராதம் போடப் போவதில்லை. தண்ணீர் மோட்டார் நேரத்தை நாம் பேசி ஒத்துக்கொண்ட மாதிரி இதையும் பேசி ஒத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது வீட்டுக்குள் செய்ய வேண்டியது. துணைப் பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையில் வைக்காமல், பாதி வழியில் வையுங்கள். லிஃப்ட் சுவர், தண்ணீர் டேங்க், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் பின்னால் வைக்காதீர்கள். டிவி பெட்டிக்குப் பக்கத்திலேயே கேபிள் இருந்தால் டிவியைக் கம்பியில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: துணைப் பெட்டியைக் கம்பியில் இணைக்கும்போது, அது கம்பி வழி இணைப்பை ஏற்கும் மாடல்தானா என்று பார்த்துச் செய்யுங்கள். இல்லையென்றால் கம்பியும் காற்றும் சேர்ந்து வளையமாகி, ஒரே பொட்டலம் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு வலை முழுதும் திணறும்.

ஆறாவது, அளந்து பாருங்கள். இன்றைக்கு ஒரு தரம், மாற்றிய பிறகு ஒரு தரம். தாய்ப் பெட்டியில் லேப்டாப்பைக் கம்பியில் மாட்டி ஒரு அளவு. அதன் பக்கத்தில் நின்று போனில் ஒரு அளவு. கடைசி அறையில் ஒரு அளவு. கம்பியிலேயே குறைந்தால் இணைப்பு கொடுப்பவரிடம் கேளுங்கள். கம்பியில் சரியாக இருந்து கடைசி அறையில் குறைந்தால், அது உங்கள் தாவல் பிரச்சினை. புது பிளான் வாங்கினாலும் தீராது. ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் குறைந்தால், அது நம் எல்லோருடைய காற்றுப் பிரச்சினை, பதிவேட்டுக்கு வாருங்கள்.

அளவுத் தாள் அலுவலக அறையில் இருக்கும். திண்டிவனத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுகிறேன். அடுத்த கூட்டத்துக்குள் இரு வளாகத்திலும் பாதி வீடாவது நிரப்பிக் கொடுத்தால், கொட்டேஷனை அந்த எண்களை வைத்துத் திருத்தி வாங்கலாம். அதுவரை பெட்டி வாங்கும் தீர்மானத்தைத் தள்ளிவைத்து, கேபிளுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் மட்டும் இன்று ஒப்புதல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் டீ நேரத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் நினைவாகச் சொல்லுங்கள்.